ஏன் மாஸ்ரர் இன்னும் அந்தக் கார்?

 

போன கிழமை பண்ணைப் பாலத்தில் நிறுத்தி எடுத்த என் காரின் படத்தைப் போட்டிருந்தேன். லைக்கை விடக் கேள்விதான் கூட வந்தது. "ஏன் மாஸ்ரர் இன்னும் அந்தக் கார்?" என்று பாதிப் பேர். "விலைக்குக் குடுப்பீங்களோ?" என்று மீதிப் பேர். கனடாவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன், "சேர், ஸ்போர்ட்ஸ் கார் வைச்சிருக்கிற ஆள் மாதிரி போஸ் குடுத்து நிக்கிறீங்கள்" என்று எழுதிச் சிரித்திருந்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை, தவணைப் பரீட்சைத் தாள் கட்டுக்கட்டாகத் திருத்தக் கிடக்கிறது. ஆகவே எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள்.

முதலில் அந்த மாணவனுக்கு. தம்பி, நீ பகிடிக்குச் சொன்னது முக்கால்வாசி உண்மை.

என்னுடையது 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்து, 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த கார். பிறகு 1959இல் மினி காரைத் தந்தவரும் இவர்தான். மைனரின் மாதிரிக் காரைப் பார்த்தபோது அகலம் போதாது என்று அவருக்குப் பட்டது. நடுவால் இரண்டாக வெட்டச் சொல்லி, பாதிகளைத் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். பொனற்றின் நடுவில் ஓடும் தட்டையான பட்டி அந்த வெட்டின் அடையாளம். 1960 முடிவில் பத்து இலட்சமாவது மைனர் வெளியே வந்தது. பிரித்தானியக் கார் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

1956இல் வந்த மைனர் 1000க்குள் 948 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின் இருந்தது. அதே 948 சிசி எஞ்சினுக்கு ஒரு காபரேற்றருக்குப் பதில் இரண்டைப் பூட்டி, கூரையில்லாத சின்ன உடம்பில் இறக்கி 1958இல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விட்டார்கள். பெயர் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற். ஸ்ரியரிங் றாக்கையும் மைனரிலிருந்துதான் எடுத்தார்கள். 1961இல் வந்த எம்ஜி மிட்ஜெற்றும் அந்தக் குடும்பமே. ஸ்பிரைற்றுக்கு 43 குதிரைவலு, என்னிடம் 37. ஆகவே தம்பி, உன் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என் காருக்கும் இடையில் ஆறு குதிரைதான் வித்தியாசம்.

இந்த மாதிரிக் காரின் சந்தோசம் வேகத்தில் இல்லை. அஸருக்குப் பிறகு பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடல், குறுக்கே காற்று. காற்று காரை எந்தப் பக்கம் தள்ளுகிறது, ரயருக்குக் கீழே றோட்டு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் ஸ்ரியரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். வல்லை வெளியால் நெல்லியடிக்குப் போகும்போதும் அப்படித்தான். மணிக்கு 60 கிலோமீற்றரில் போனாலே எதையோ சாதித்தது போல இருக்கும். பின்னால் வரும் பஸ்காரன் கோர்ன் அடிப்பான். அடிக்கட்டும்.

சந்தோசம் அவ்வளவும் ஓட்டத்தில்தான் என்றும் நினைக்க வேண்டாம். எனக்குப் பாதிச் சந்தோசம் காரை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கும்போதுதான். சனிக்கிழமைகளில் ஸுபஹு தொழுதுவிட்டு வந்து, ஒரு பிளேன்ரீயோடு பொனற்றைத் திறப்பேன். செய்கிற வேலையைச் சொல்கிறேன், பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலாவது தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரை றேடியேற்றருக்கு ஊற்றக் கூடாது. எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் றேடியேற்றர் குழாய்க்குள்ளும் படியும். படிந்தால் தண்ணீர் ஓடாது, எஞ்சின் கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பீலியால் விழும் மழைத் தண்ணீரைக் கானில் பிடித்து வருசம் முழுக்க வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது ஒயில். கம்பியை இழுத்து, துடைத்து, திரும்ப விட்டுப் பார்க்க வேண்டும். காபரேற்றருக்கு மேலே ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றி அதற்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட வேண்டும். எஸ்யூ காபரேற்றரில் அது வற்றினால், அக்சலறேற்றரை மிதிக்கும்போது எஞ்சின் விக்கும்.

மூன்றாவது பிறேக் ஒயில். இந்தக் காரில் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் றைவரின் காலுக்குக் கீழே, தரைக்குள் இருக்கிறது. விரிப்பைத் தூக்கி, மூடியைக் கழற்றித்தான் பார்க்கலாம். கண்ணில் படாத இடம் என்பதால் பலர் பார்ப்பதில்லை. கட்டாயம் பாருங்கள்.

நான்காவது கிறீஸ். முன்சில்லுகளைத் தாங்கும் திருகு மூட்டுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் சில்லு மடிந்து விழும். மைனரின் பேர் கெட்ட வியாதி இது ஒன்றுதான். கிறீஸ் கன்னும் ஐந்து நிமிசமும் இருந்தால் போதும்.

ஐந்தாவது பொயின்ற். டிஸ்ரிபியூற்றருக்குள் திறந்து மூடும் அந்தச் சின்ன இரும்பு நாக்குகளுக்கு இடையில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் தீப்பொறி சரியாக விழாது. வால்வுக்கு அதே கணக்கில் 12, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது.

கடைசியாக, தீவுப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். மலை இல்லாத ஊர் என்பதால் எஞ்சினுக்கு யாழ்ப்பாணம் சொர்க்கம். தகரத்துக்கோ உப்புக் காற்று எமன்.

எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினால் பெற்றோல் பம்ப் டிக், டிக், டிக் என்று அடிக்கும். காபரேற்றர் நிறைந்ததும் அடிப்பு நிற்கும். அது நின்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். என் சின்ன மகள் அந்தச் சத்தத்துக்காகவே வெள்ளன எழும்பி வருவாள்.

இதெல்லாம் எனக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டால், அங்கேதான் உங்கள் கேள்விக்கான பதில் தொடங்குகிறது.

இந்தக் காரை 2014இல் வாங்கினேன். முந்திய சொந்தக்காரர் இளைப்பாறிய தபாலதிபர். பிள்ளைகள் வெளிநாட்டில். காரைத் தரும்போது அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "வேற ஆரிட்டையும் காட்டக் கூடாது. இவரிட்டைத்தான் குடுக்க வேணும்" என்று ஒரு மெக்கானிக் அண்ணையிடம் கூட்டிப் போனார். அண்ணைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. பெயரைப் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இந்தக் கார் எண்பதுகளில் இருந்தே அவருடைய கையில்தான் இருந்திருக்கிறது.

முதல் நாள் பொனற்றைத் திறந்தபோது, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் நான்கு துளைகளும், பக்கத்தில் ஒன்றுக்கும் உதவாத ஒரு சின்னப் பித்தளைத் திருகுபிடியும் இருந்ததைக் கண்டேன். மொறிஸ் கம்பனி போட்டதாகத் தெரியவில்லை. "இது என்ன அண்ணை?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நீங்கள் அப்ப இஞ்சை இல்லை என்ன" என்றார்.

இல்லை. நான் இல்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, எனக்கு ஒன்பது வயதில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரோடும் நாங்களும் வெளியேற்றப்பட்டோம். இரண்டு மணித்தியால அவகாசம். வாப்பாவின் பெட்போர்ட் லொறியும் அங்கேயே நின்றுபோனது. பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டில், அங்கேயே பள்ளிக்கூடம், அங்கேயே கலியாணம். ஆசிரியராகி, இடமாற்றம் கேட்டு, 2011இல்தான் சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்தேன். இடைப்பட்ட இருபது வருசத்து யாழ்ப்பாணம் எனக்குத் தெரியாது. அந்த இருபது வருசமும் இந்தக் கார் இங்கேதான் நின்றது.

அந்த நான்கு துளையில்தான் ஒரு லீற்றர் பெற்றோல் கொள்ளும் சின்னத் தகர ராங்க் பூட்டியிருந்தது என்று அண்ணை சொன்னார். 1990இல் யுத்தம் மறுபடி தொடங்கியதோடு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு. கிடைத்தது மண்ணெண்ணெய். அதுவும் யானை விலை. யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அண்ணை சொன்னதைப் பாடமாகவே இங்கே சொல்கிறேன். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆவியாகாத எரிபொருளில் எஞ்சின் ஸ்ரார்ட் ஆகாது. ஆகவே சின்ன ராங்கிலிருந்து கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணுவது, எஞ்சின் நன்றாகச் சுட்ட பிறகு அந்தப் பித்தளைத் திருகுபிடியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. நிறுத்த முந்தி திரும்பவும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த முறை ஸ்ரார்ட் ஆகாது. வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசினை எங்கள் கமக்காரர் காலங்காலமாக இப்படித்தான் ஓட்டினார்கள். அந்த வித்தையைக் காருக்குள் கொண்டுவந்தது கராச்சுக்காரர்.

எல்லாக் காருக்கும் இது சரிவராது. மண்ணெண்ணெய்க்கு அமுக்கம் ஒத்துவராது, அமுக்கம் கூடினால் எஞ்சின் தட்டத் தொடங்கும். புதிய கார்களின் அமுக்க விகிதம் 10க்கு மேல். மைனருக்கு 8.3. தரம் குறைந்த பெற்றோல் கிடைக்கும் நாடுகளுக்கென்று 7.2இலும் செய்தார்கள். அதனால்தான் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40யும் கேம்பிறிட்ஜும் அந்தக் காலத்தைத் தாண்டின. பழையவை என்பதாலேயே உயிர் பிழைத்தன.

"மண்ணெண்ணெய் அவ்வளவும் எரியாது மாஸ்ரர்" என்றார் அண்ணை. "எரியாதது பிஸ்ரனாலை வழிஞ்சு ஒயிலுக்கை இறங்கும். ஒயில் குறையாது, கூடும். ஒயில் கூடிப்போச்செண்டால் சந்தோசப்படக் கூடாது, பயப்பட வேணும்." ஒயில் நீர்த்துப்போனால் பெயரிங் தேயும். மாற்றப் பெயரிங் கிடையாது. ஆகவே அவர் ஒவ்வொரு நாளும் ஒயில் கம்பியை மணந்து பார்ப்பாராம். பிளக்கை நாளுக்கு ஒருமுறை கழற்றிக் கரி சுரண்டுவாராம். சின்னச் சின்ன காஸ்கற்றுகளைக் கலண்டர் மட்டையில் வெட்டி எண்ணெயில் ஊறவைத்துப் போட்டாராம். நான் சனிக்கிழமைகளில் பிளேன்ரீயோடு ஆறுதலாகச் செய்யும் அத்தனை வேலையும், அவர்கள் வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டவை.

இன்னொரு நாள், பிளக் துடைத்துக்கொண்டிருக்கும்போது 1995ஐப் பற்றிச் சொன்னார். அதுவும் ஒக்டோபர் 30தான். எங்களை அனுப்பி ஐந்து வருசம், நாள் பிசகாமல். வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த நாள். மழை. தபாலதிபரின் நடக்க ஏலாத தாயாரைப் பின் சீற்றில் கிடத்தி, அண்ணைதான் இந்தக் காரை ஓட்டியிருக்கிறார். "நாவற்குழிப் பாலம் தாண்ட விடிஞ்சு போச்சு. சனத்துக்கை கார் ஊருது, எஞ்சின் கொதிக்குது. நிப்பாட்டிப்போட்டுத் தள்ளினம். தள்ளினது நல்லதாப் போச்சு, மண்ணெண்ணெய் மிஞ்சினது."

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிளக்கைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உங்கட ஆக்கள் போன அண்டைக்கு நான் கராச்சிலைதான் நிண்டனான் மாஸ்ரர். றோட்டாலை போகேக்கை பாத்தனான். ஆரும் ஒண்டும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை."

நான் என்ன சொல்வது? பிளக்கை வாங்கிப் பூட்டினேன். இந்த ஊரில் எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் மேடையில் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்குப் போதுமான வார்த்தை அந்தப் பொனற்றுக்கு மேலேதான் கிடைத்தது. அண்ணைக்கும் எனக்கும் இடையில் கதைக்க ஒரு கார் இல்லாமல் இருந்திருந்தால், அந்த வார்த்தை வந்திருக்காது என்று நினைக்கிறேன். கிழமைக்கு ஒருமுறை பக்கத்தில் நின்று, ஒரே விசயத்தைக் குனிந்து பார்க்கிற இரண்டு பேருக்கு ஒரு நாள் எல்லாம் கதைக்க வரும்.

இனி விலை கேட்டவர்களுக்கு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருசத்தில் பழைய தகரத்துக்கெல்லாம் தங்க விலை வந்தது. கொழும்பிலிருந்து வந்தும் கேட்டார்கள். நல்ல விலைதான். ஆசிரியர் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தலை சுற்றும் விலை. வீட்டுக்காரியும் ஒருநாள் மெதுவாகக் கேட்டாள், "மூத்தவளின் படிப்புக்கு உதவுமே?" என்று. நியாயமான கேள்வி. இரண்டு கிழமை யோசித்தோம். மூத்தவளே முடிவு சொன்னாள்: "நான் படிச்சு முடிச்ச பிறகு இதை ஆர் எனக்குத் திருப்பி வாங்கித் தருவீங்கள்?"

2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 92 ஒக்ரேன் லீற்றர் 470 ரூபா. கியூஆர் அட்டை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அண்ணையிடம் போனேன். நான்கு துளையையும் விரலால் தடவிக் காட்டி, "ராங்கைத் திருப்பிப் பூட்டுவமோ?" என்று கேட்டார். பிறகு அவரே சிரித்தார். "போனமுறை மண்ணெண்ணெய் எண்டாலும் இருந்தது மாஸ்ரர். இந்தமுறை அதுவும் இல்லை."

இங்கிலாந்தில் பாத் நகரில் சார்ள்ஸ் வெயர் என்பவர் மொறிஸ் மைனருக்கென்றே ஒரு நிலையம் நடத்தினார். காரை எறிந்து எறிந்து புதிதாக வாங்குவதை விட, ஒரே காரை ஆயுள் முழுக்கத் திருத்தி வைத்திருப்பது மலிவு என்று 1982இல் புத்தகமும் எழுதினார். மைனரின் தகரப் பாகங்களை எங்கள் இலங்கையிலேயே செய்விக்கவும் ஏற்பாடு செய்தார். இங்கே அடித்த மட்காட் அங்கே போய்ப் பூட்டப்பட்டது. வெயர் புத்தகம் எழுதிச் சொன்னதை எங்கள் கராச்சுக்காரர் புத்தகம் இல்லாமலே செய்து காட்டினார்கள். ஒரேயொரு வித்தியாசம், அவர்களுக்கு அது விருப்பத் தெரிவு இல்லை.

பாகங்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன. பஞ்சிகாவத்தையில் தேடினால் அகப்படும், இல்லாவிட்டால் லண்டனில் இருக்கும் மச்சான் வரும்போது கொண்டுவருவார். ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் இங்கே நின்ற பிறகு வால்வு இருக்கைகள் தேயும் என்றார்கள். அதற்கும் கடினமான இருக்கை போட்டால் தீர்ந்தது. காருக்கு வருகிற எந்த வியாதிக்கும் மருந்து இருக்கிறது.

மருந்து இல்லாதது ஒன்றுக்குத்தான். போன வருசம் தொடங்கி அண்ணைக்குக் கண் மங்கல். பொயின்ற் இடைவெளிக்கு விடும் மெல்லிய தகட்டில் எழுதியிருக்கும் இலக்கம் அவருக்குத் தெரிவதில்லை. இப்போது என் மூத்தவள்தான் தகட்டை எடுத்து வாசித்து விடுகிறாள். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். "கொஞ்சம் கூடிப்போச்சு பிள்ளை" என்பார். அவள் திரும்ப அளந்து பார்த்தால் 16 இருக்கும்.

அவரிடம் வேலை பழகிய பொடியன்கள் எல்லாரும் வெளிநாடு போய்விட்டார்கள். குறை சொல்ல ஏலாது. புதுக் கார்களுக்குக் கம்பியூற்றரைக் கொழுவிப் பார்க்கிற வேலையில் காசு கூட. 2013இல் உயர்தரத்துக்குத் தொழில்நுட்பப் பாடத்துறை வந்தது, நல்ல விசயம். அதில் படிக்கும் இரண்டு பிள்ளைகளை மாதம் ஒருமுறை அண்ணையிடம் கூட்டிப் போகிறேன். அவர் சொல்வதை ஒரு சீஆர் கொப்பியில் எழுதுகிறார்கள். திகதி போட்டு, படம் கீறி, அவருடைய வார்த்தையிலேயே. மண்ணெண்ணெய் ராங்க் பூட்டுவது எப்படி என்று நான்கு பக்கம் இருக்கிறது. அது ஒருநாளும் தேவைப்படாமல் இருக்க அல்லாஹ் அருள் புரியட்டும். ஆனாலும் எழுதி வைக்கிறோம். அந்த வருசங்களில் இந்த ஊர் என்ன செய்து பிழைத்தது என்று, அப்போது இங்கே இல்லாத என்னைப் போன்றவர்களும் இனிப் பிறக்கிறவர்களும் அறிய வேண்டும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஓர் அண்ணையோ ஐயாவோ இருப்பார். கார் என்று இல்லை; தையல் மெசின், தண்ணீர் இறைக்கும் மிசின், பழைய றேடியோ, எதுவாகவும் இருக்கட்டும். அவரிடம் போய் இருங்கள். கேளுங்கள். எழுதி வையுங்கள்.

கார் விற்பனைக்கு இல்லை. ஒரு சுற்று வர விருப்பம் என்றால் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள், பண்ணைப் பாலம் வரை போய் வரலாம். அதற்கு முந்திய வேலையைப் பார்க்க விருப்பம் என்றால் விடியவே வர வேண்டும். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பழைய உடுப்புப் போட்டுவிடுங்கள், கிறீஸ் லேசில் கழுவுப்படாது.